சம்பந்திகளின் வேதச் சண்டை

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோர் காதிலும் விழுந்தது ஒரு ஜிப்பின் சத்தம்.

எங்கள் ஆட்கள் வேதாகமத்துக்கு ரெக்சின் உறை போட்டு வைப்பார்கள். மூன்று பக்கமும் சுற்றி வரும் ஜிப், உள்ளே காணிக்கைக் கவர், ஒரு பேனா, கண்ணாடி துடைக்கும் துணி. ஆராதனை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் அந்த ஜிப்பை இழுப்பார்கள். நடுவில் யாரும் இழுப்பதில்லை.

அன்றைக்குப் பாட்டு முடிந்து உட்கார்ந்தோம். ஞானசேகரன் சார் வாசிப்பு மேடைக்குப் போய், புதிதாக வாங்கி வைத்திருந்த வேதாகமத்தைத் திறந்தார். விறைப்பான அட்டை முறுகியது. முதல் வரியிலேயே 'கடவுள்' என்று வாசித்தார். அதே இடத்தில் 'தேவன்' என்று வாசித்துப் பழகிய கோயில் அது.

பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் மார்த்தாள் சிஸ்டர் தன் வேதாகமத்தை மூடினார். பிறகு ஜிப்பை ஒரு முனையில் பிடித்து மறுமுனை வரைக்கும் நிதானமாக இழுத்தார். மின்விசிறிச் சத்தத்தையும் மீறி அது கேட்டது. வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

நான் ஆர்மோனியத்துக்குப் பின்னால் இருந்தேன். என் கணவர் அந்தச் சபையின் போதகர். அவர் முகத்தைப் பார்த்தேன். ஜுரம் வந்தவர்போல் இருந்தார்.

காரணம் இருந்தது. ஜிப்பை இழுத்தவரும் மேடையில் வாசித்தவரும் சம்பந்திகள். மார்த்தாள் சிஸ்டரின் ஒரே மகள் எஸ்தரைத்தான் ஞானசேகரன் சாரின் மகனுக்குக் கொடுத்திருந்தது.

முட்டைக்காரர் நிற்காத வீடு

கள்ளக்குறிச்சிக்கு நாங்கள் மாற்றலாகி வந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் கூப்பிடுவது பழக்கம். இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு இப்போது அது தெரிந்திருக்கும். தெருவுக்குத் தெரியவில்லை.

ரிஷிவந்தியம் பக்கமிருந்து மொபெட்டில் நாட்டுக்கோழி முட்டை கொண்டுவருபவர் ஒருவர் இருந்தார். எல்லா வீட்டு வாசலிலும் நிற்பார். எங்கள் வாசலை மட்டும் வேகமாகத் தாண்டிப் போவார். ஒருநாள் ஓடிப்போய் மறித்துக் கேட்டேன். "ஐயரம்மா வூடுன்னு சொன்னாங்க. உங்களுக்கு எதுக்கு முட்டைய காட்டிக்கினுன்னு போயிட்டேங்க" என்றார். அன்றைக்கு ஒரு டஜன் வாங்கி அவர் சந்தேகத்தைத் தீர்த்தேன்.

ஊர் மாவட்டத் தலைநகர் ஆகிச் சில காலமே ஆகியிருந்தது. கோர்ட்டு, ஆபீசு என்று வருகிற ஜனம் கூடிவிட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் கோயிலுக்கு ஷேர் ஆட்டோவில் வந்துவிடலாம். கோயிலுக்கு முன்னால் ரோட்டை ஒட்டிக் கோயிலுக்கே சொந்தமான ஒரு காலி மனை, இரண்டு வேப்ப மரம். அதுவரை யார் கண்ணிலும் படாத அந்த மனை, தலைநகர் ஆனதும் பலர் கண்ணில் பட ஆரம்பித்திருந்தது. அது பிறகு.

இட்லிப் பானை முன்னால்

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காக இந்தச் சண்டையை இரண்டு வார்த்தையில் சொல்கிறேன். தமிழில் வேதாகமத்துக்கு ஒரு பழைய மொழிபெயர்ப்பு உண்டு. தலைமுறை தலைமுறையாக வாசித்து, மனப்பாடமாகி, பேச்சிலும் பாட்டிலும் ஊறிப்போனது. அதில் தேவன், கிருபை, இரட்சிப்பு, பரிசுத்த ஆவி. பிற்பாடு புதிய மொழிபெயர்ப்பு வந்தது. அதில் கடவுள், அருள், மீட்பு, தூய ஆவியார். பொருள் ஒன்றுதான் என்று ஒரு கட்சி. சொல் மாறினால் எல்லாமே மாறிப்போகும் என்று இன்னொரு கட்சி. பல சபைகளில் இந்தச் சண்டை உண்டு. சில சபைகள் இதனால் இரண்டாகவும் போயிருக்கின்றன.

நான் எந்தக் கட்சி என்று கேட்டால், எனக்கே தெரியாது. எலவனாசூர்கோட்டையில் நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அம்மா சமையலறையில் நின்றபடியே ஜெபம் சொல்வாள். 'பரிசுத்த ஆவி' என்று அவள் சொல்லும்போதெல்லாம் அடுப்பில் இட்லிப் பானை இருந்ததால், அதிலிருந்து கிளம்புவதுதான் அது என்று முடிவு கட்டிவிட்டேன். பானை முன்னால் கண்ணை மூடிக் கைகூப்பி நின்ற என்னைப் பார்த்து அம்மா பதறியதும், விஷயம் புரிந்ததும் அடக்க முடியாமல் சிரித்ததும் இன்னும் நினைவிருக்கிறது. புரியவில்லைதான். ஆனால் அந்தப் புழுங்கலரிசி வாசனையோடு பக்தியும் என்னை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் நான் புதிய மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறேன்; பயம் வந்தால் பழைய சொற்களில்தான் ஜெபிக்கிறேன்.

மார்த்தாள் சிஸ்டரும் ஞானசேகரன் சாரும் என்னைப்போல் இரண்டுங்கெட்டான் இல்லை.

ஒரு ஸ்கூட்டரும் ஒரு குடையும்

மார்த்தாள் அரசு மருத்துவமனையில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, வெள்ளைப் புடவை, கையில் பெரிய வாட்ச். ஓய்வு பெற்ற பிறகும் ஊரே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. ஞானசேகரன் சார் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பருத்த உடம்பு, எந்த வெயிலிலும் மழையிலும் கைக்குடை. சிஸ்டர் கணவரை இழந்தவர், சார் மனைவியை இழந்தவர்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரில் எங்கள் சபைக்குக் கிளை இருந்தது. தகரக் கூரை போட்ட ஒரு ஜெப வீடு, சில குடும்பங்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு மதியம் இந்த இரண்டு பேரும் அங்கே போய் வருவார்கள். சாருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சிஸ்டர் ஸ்கூட்டர் ஓட்டுவார். சார் பின்னால் உட்கார்ந்துகொள்வார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, மலைப்பாதை தொடங்கியதும் வாக்குவாதமும் தொடங்கிவிடும்.

அதற்கும் ஒரு ஒப்பந்தம் வைத்திருந்தார்கள். ஏறும்போது சார் பேசலாம். இறங்கும்போது சிஸ்டர் பேசலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது.

போதகர் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து ஞாயிறுகளில் நானும் என் கணவரும் பஸ்ஸில் மலைக்குப் போவோம். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது ஜன்னல் வழியே பார்த்தால், கீழ்ச் சுற்றில் அந்த ஸ்கூட்டர் முனகியபடி ஏறி வரும். சார் மடக்கிய குடையை நீட்டி நீட்டி எதையோ நிறுவிக்கொண்டிருப்பார். சிஸ்டர் முகத்தில் அசைவே இருக்காது.

"ஒருநாள் குடை அவங்க கண்ணுல குத்தப் போகுது" என்பார் என் கணவர்.

சடையனுக்கு வராத அருள்

அப்படி ஒரு ஞாயிறு மதியம். மலையில் புளி உலுக்கும் காலம். சடையன் என்பவர் மரத்திலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்து வீட்டோடு படுக்கையாக இருந்தார். நாங்கள் நாலு பேரும் போனோம். வீட்டு முற்றத்தில் சாமைக் கதிர் காய்ந்தது. உள்ளே இருட்டு, புளியும் புகையும் கலந்த வாசனை.

சிஸ்டர் முதலில் அவரைப் புரட்டிப் பார்த்தார். முதுகில் படுக்கைப் புண். சுடுதண்ணீர் கேட்டு வாங்கித் துடைத்து, மருந்து போட்டார். கை வேலை செய்ய, வாய் வேதாகமத்தின் சங்கீதப் பாட்டு ஒன்றை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போனது. பழைய மொழிபெயர்ப்பு. நீளமான வாக்கியங்கள் தொட்டில் ஆட்டுவதுபோல் ஏறி இறங்கின. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த சடையன் மெல்லக் கண்ணை மூடினார்.

முடிந்ததும் கேட்டார், "கிருபை கிருபைன்னு சொன்னீங்களே அம்மா. அது இன்னாங்க?"

சார் இதற்காகவே காத்திருந்தவர்போல் முன்னால் வந்தார். "அருள்னு வச்சிக்கோப்பா. கடவுளோட அருள்."

சடையன் முகம் மாறியது. "அருளுங்களா? அது எங்க பெரியப்பாவுக்கு வரும்ங்க. நாலு பேரு புடிச்சாலும் நிக்க மாட்டாரு, அந்த ஆட்டம் ஆடுவாரு. இந்த இடுப்ப வச்சிக்கினு எனக்கு அது வந்தா தாங்காதுங்க."

சிஸ்டர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சாருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்த பிறகு சிஸ்டர் சொன்னார்.

"நீ என்னைக் கூப்ட்டியா? கூப்டல. நான் உனக்கு சொந்தமா? இல்ல. ஆனா வந்து உன் புண்ணைத் தொடச்சிக்கினு இருக்கேன். மேல இருக்கறவர் நம்மகிட்ட அப்டி வர்றாரு. அதுக்குப் பேருதாம்பா கிருபை."

"அப்ப சரிங்க. அது வரட்டும்ங்க" என்றார் சடையன்.

வெளியே வந்ததும் சார், "விளக்கம் நல்லா இருந்துது சம்பந்தியம்மா. ஆனா அது கிருபைங்கிற சொல்லுல இல்ல. உங்க கையில இருந்துது" என்றார்.

"கை செய்யறதுக்கு வாய் ஒரு பேரு வச்சித்தான ஆவணும்? எங்கம்மா வச்ச பேர நான் சொல்றேன்" என்றார் சிஸ்டர்.

இந்த இரண்டு பேரும் சண்டை போட்டால் சபைக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்று அன்றைக்கு நினைத்தேன்.

டீயும் முறுக்கும்

கோயிலில் வாசிக்கும் வேதாகமம் பழசாகித் தாள் உதிர்ந்துகொண்டிருந்தது. புதிதாக வாங்க வேண்டும். எந்த மொழிபெயர்ப்பு வாங்குவது என்ற கேள்வி சபைக் கமிட்டிக்கு வந்தது. கோயிலை ஒட்டிய அறையில் கூட்டம். டீயும் முறுக்கும் கொடுக்கப் போன நான், தட்டோடு கதவோரமே நின்றுவிட்டேன்.

முதலில் சார் பேசினார். இலக்கணம் பேசுவார் என்று நினைத்தேன். அவர் தன் அப்பாவைப் பற்றிப் பேசினார்.

"எங்கப்பா ஏர் ஓட்டினவரு. வயசான காலத்துலதான் எழுத்து கத்துக்கினாரு, வேதத்த தானே படிக்கணும்னு. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிப்பாரு. ஒவ்வொரு வரிக்கும் என்னைக் கூப்பிட்டு அர்த்தம் கேப்பாரு. பள்ளிக்கூடத்துல படிக்கிற எனக்கே பாதி தெரியாது. ஒருநாள் பொஸ்தகத்த மூடி வச்சிட்டு, 'நம்ம மாரி ஆளுங்களுக்குப் புரியற மாரி பேச அவருக்கு மனசில்ல போலக்குதுடா'ன்னாரு. அப்பறம் அவரு தொறக்கவே இல்ல. நான் தமிழ் வாத்தியாரு ஆனதே அதனாலதான். இன்னொரு அப்பா அப்டி மூடி வைக்கக் கூடாது."

பிறகு மார்த்தாள் சிஸ்டர் எழுந்தார்.

"சம்பந்தி சொன்னது நியாயம். நான் இல்லன்னு சொல்லல. நான் வார்டுல வேல பாத்தவ. சாவப் போறவங்க எத்தினியோ பேரு என் கையப் புடிச்சிக்கினு போயிருக்காங்க. நம்ம சபைக்காரங்களா இருந்தா காதுகிட்ட குனிஞ்சி வசனம் சொல்லுவேன். நெனவு தப்பிட்டவங்கன்னு டாக்டர் சொன்னவங்ககூட, நான் பாதி சொல்லி நிறுத்தினா மீதிக்கு ஒதட்ட அசைப்பாங்க. அது அர்த்தம் தெரிஞ்சி அசையறது இல்ல. அதுக்கும் கீழ எங்கியோ போய் உக்காந்துகினு இருக்குது. அத மாத்திட்டா, நாளைக்கு நான் போறப்போ என் காதுல இன்னா சொல்லுவீங்க? புதுசா ஒண்ணு சொன்னா எனக்கு வழி தெரியுமா?"

தட்டிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது. என் கணவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். சிறிய வித்தியாசத்தில் புதிய மொழிபெயர்ப்பு ஜெயித்தது.

சிஸ்டர் வாக்குவாதம் செய்யவில்லை. "சபை சொல்லிட்டுது" என்று மட்டும் சொல்லி, மறக்காமல் முறுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு வந்தார். அன்றைக்குத்தான் அந்த ஜிப் சத்தம். ஆராதனை முடியும்வரை இருந்தார், எனக்கு வணக்கம் சொன்னார், ஸ்கூட்டரைக் கிளப்பினார். அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை.

சத்தம் ஜாஸ்தி

அதன் பிறகு மலைக்கு சார் தனியாக பஸ்ஸில் போனார். ஏறும்போது பேசுவதற்கு ஆள் இல்லாததால் அரைத் தூக்கத்தில் போவதாகச் சொன்னார். சிஸ்டரோ வேறு ஞாயிறுகளில் தனியாக ஸ்கூட்டரில் போய் சடையனின் புண்ணைப் பார்த்து வந்தார்.

ஞாயிறு காலைகளில் அவர் கச்சிராயபாளையம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடும் வேறொரு சபைக்குப் போகத் தொடங்கினார். அங்கே பழைய மொழிபெயர்ப்பைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள். நான் வாரத்தில் ஒருநாள் பிரஷர் பார்த்துக்கொள்ளும் சாக்கில் சிஸ்டர் வீட்டுக்குப் போவேன்.

"அங்க எப்படி இருக்கு சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"நம்ம வேதம்தான் வாசிக்கிறாங்க. ஆனா டிரம்மு, ஸ்பீக்கரு. சத்தம் ஜாஸ்தி, வேதம் கம்மி" என்றார்.

அந்த இடைவெளியில் எஸ்தருக்குத் தலைப்பிரசவம். பழைய பழக்கத்தில் பிரசவ அறைக்குள் சிஸ்டரை விட்டார்கள். பெண் குழந்தை. முதலில் கையில் வாங்கியவர் அவர்தான். குழந்தையைப் பார்க்க சார் சம்பந்தி வீட்டுக்கு வந்து போனார். குழந்தையின் எடையைப் பற்றியும் மூக்கைப் பற்றியும் இருவரும் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். எஸ்தர் என்னிடம் வந்து அழுதாள். "அவங்க சண்டை போட்டாக்கூட பரவால்ல ஆன்ட்டி. இந்த மரியாதையத்தான் என்னால பாக்க முடியல."

கையில் பட்டை கட்டியிருந்தபோது

ஒருநாள் சிஸ்டர் என் கையில் பிரஷர் பட்டையைக் கட்டிக் காற்றடித்துக்கொண்டிருந்தார். கான்ட்ராக்டர் தேவராஜ் வந்தார். எங்கள் சபைக்காரர்தான். வருஷத்தில் இரண்டு மூன்று முறை கோயிலுக்கு வருவார். கோயிலுக்கு முன்னால் இருக்கும் காலி மனையில் கடைகள் கட்ட வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிவந்தார். கமிட்டி ஒப்புக்கொள்ளவில்லை.

என்னை அங்கே எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்தார். வழக்குப் போடப் போவதாகச் சொன்னார். சபை வேதத்தை மாற்றிவிட்டது. ஆகவே அது பழைய சபையே இல்லை. பழைய வேதத்தைப் பிடித்திருப்பவர்கள்தான் உண்மையான சபை, கோயிலும் நிலமும் அவர்களுக்கே சேரும் என்று வக்கீல் எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

"மொத கையெழுத்து நீங்க போட்டா மத்தவங்க தானா வருவாங்க சிஸ்டர். ஊர்ல உங்களுக்கு இருக்கற மரியாதை வேற யாருக்கு இருக்குது?"

சிஸ்டர் தாளை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் படித்தார். என் கையில் பட்டை இறுகியபடியே இருந்தது.

"எதிராளி பேர்ல மொதல்ல எங்க சம்பந்தியப் போட்டிருக்கீங்க."

"அவருதான சிஸ்டர் எல்லாத்துக்கும் காரணம்?"

தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"எனக்கும் எங்க சம்பந்திக்கும் வேதத்தப் பத்திச் சண்ட. உங்களுக்குக் கோயில் சாவியப் பத்திச் சண்ட. ரெண்டும் வேற."

"அப்போ புது வேதத்த நீங்க ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கல. நான் அத ஒத்துக்கவே மாட்டேன். அதுக்கு கோர்ட்டுல இன்னா வேல? அவரு எங்க வூட்டு மனுஷன். அவருகிட்ட சண்ட போட எனக்கு வக்கீல் வேணாம். நானே போடுவேன்."

தேவராஜ் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிஸ்டர் என் பக்கம் திரும்பிவிட்டார். "ஐயரம்மா, உங்களுக்கு இப்ப பாத்தா பிரஷர் ஜாஸ்தியா காட்டுது. இவரு கெளம்பட்டும், அப்பறம் பாக்கலாம்."

அவர் கிளம்பினார். சிஸ்டர் என் கையிலிருந்த பட்டையை விருட்டென்று பிரித்தார். தன் பக்தியை இன்னொருவன் கடப்பாரையாக்கப் பார்த்த கோபம். பட்டையை மறுபடி கட்டி, அளவு பார்த்து, "இப்ப சரியா இருக்குது" என்றார். பிறகு சம்பந்தம் இல்லாமல், "வர்ற ஞாயித்துக்கெழம ஆராதன எத்தினி மணிக்கு?" என்று கேட்டார். கேட்க வேண்டிய அவசியமே இல்லாத கேள்வி. மணி அவருக்குத் தெரியும்.

மற்ற வீடுகளில் தேவராஜுக்கு ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. 'சிஸ்டர் போட்டாங்களா?' என்று கேட்டு, இல்லை என்றதும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

ஜெயித்தவர்

அந்த ஞாயிறு சிஸ்டர் வந்து அதே இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். சார் புதிய மொழிபெயர்ப்பைத்தான் வாசித்தார். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. சிஸ்டர் தன் பழைய வேதாகமத்தைத் திறந்து வைத்து விரலால் வரியைத் தொடர்ந்தார். அவருக்காகச் சொல்லை மாற்றி வாசிக்காததற்காக சாரை எனக்கு அன்றைக்கு ரொம்பப் பிடித்தது. மாற்றியிருந்தால் சிஸ்டருக்கும் பிடித்திருக்காது.

அன்று மாலை சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேவராஜ் விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. குடையை வாசலில் சாத்திவிட்டு, உட்காராமலே பேசினார்.

"ஐயரே, ஞாயிறு ஞாயிறு ரெண்டு வேதப் பாடம் வாசிக்கிறோம். மொதப் பாடத்த சம்பந்தியம்மா வாசிக்கட்டும். அவங்க வேதத்துலருந்தே."

"ஒரே ஆராதனையில ரெண்டு மொழிபெயர்ப்பா? கமிட்டியில கேப்பாங்களே சார்" என்றார் என் கணவர்.

"நான் சொல்றேன் கமிட்டியில. ஓட்டுல ஜெயிச்சவன் நான். ஜெயிச்சவன்தான் மொதல்ல எறங்கி வரணும். தோத்தவங்கள வரச் சொல்லக் கூடாது."

கமிட்டியில் முணுமுணுத்தார்கள். 'கொள்கை என்று ஒன்று வேண்டாமா' என்று ஒருவர் கேட்டார். "வேணும். என் கொள்கை மாறல. அந்தம்மா கொள்கையும் மாறாது. ரெண்டையும் ஒரே கூரைக்குக் கீழ வச்சிக்க முடியலன்னா அப்பறம் இன்னாத்துக்கு சபை?" என்றார் சார். என் கணவர் அதற்கு மேல் விவாதத்துக்கு விடாமல் ஜெபம் சொல்லிக் கூட்டத்தை முடித்தார். அவர் தைரியமாகச் செய்த சில காரியங்களில் அது ஒன்று.

தண்ணீர்த் தொட்டியருகே

மீதி இருந்தது குழந்தையின் ஞானஸ்நானம். சார் அதைத் திருமுழுக்கு என்பார். பெயரே இரண்டு என்றால் மற்றதைச் சொல்ல வேண்டாம். குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றும்போது போதகர் சொல்ல வேண்டிய வார்த்தை இருக்கிறது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று சொல்வதா? தந்தை, மகன், தூய ஆவியார் என்று சொல்வதா? பாடத்தை இரண்டாகப் பிரிக்கலாம். குழந்தையைப் பிரிக்க முடியாது. ஒரு தலை, ஒரு தண்ணீர், ஒரு தடவை.

எஸ்தரும் அவள் கணவனும் "நீங்களே முடிவு பண்ணுங்க ஐயரே" என்று ஒதுங்கிவிட்டார்கள். என் கணவருக்கு மறுபடியும் ஜுரம் வந்த முகம்.

அன்றைக்குக் கோயில் நிறைந்திருந்தது. மலையிலிருந்துகூட வந்திருந்தார்கள். ஊன்றுகோலோடு சடையன் கடைசி பெஞ்சில். குழந்தை சிஸ்டரின் தோளில் தூங்கியது. தொட்டியருகே எல்லோரும் நின்றதும், சார் என் கணவர் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். ஆர்மோனியம் பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"பழைய வார்த்தையிலேயே குடுங்க ஐயரே. இந்தப் பிள்ளைய இந்த ஒலகத்துல மொதல்ல கையில வாங்குனது அவங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தையில நீங்க வாங்கிக்கோங்க."

சிஸ்டருக்கும் கேட்டிருக்க வேண்டும். குழந்தையின் தொப்பியை அவிழ்த்துக்கொண்டிருந்த கை நின்றது. சாரைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் குழந்தையை என் கணவர் கையில் கொடுத்தார்.

என் கணவர் பழைய வார்த்தைகளைச் சொல்லித் தண்ணீர் ஊற்றினார். குழந்தை விழித்து வீரிட்டது. கடைசியில் சபை சேர்ந்து சொல்லும் ஆமென், சாரின் குரலில்தான் ஓங்கிக் கேட்டது.

சிஸ்டர் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று பந்தியில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். அவர் நன்றி சொல்லாததை நான் குறையாக நினைக்கவில்லை. சார் அதை எதிர்பார்த்துச் செய்யவும் இல்லை. கொள்கையில் ஒரு அங்குலமும் நகராமல், மனிதருக்காக எவ்வளவு தூரமும் நகர்ந்த ஒருவரை நான் அன்றைக்குப் பார்த்தேன். தேவராஜ் வந்த நாளில் சிஸ்டரிடமும் அதைப் பார்த்திருந்தேன். எங்கள் ஊழியத்தில் பெரிய பிரசங்கிகளை எல்லாம் கேட்டிருக்கிறேன். இவர்கள் இரண்டு பேரிடமும் கற்றுக்கொண்ட அளவு அவர்களிடம் கற்றுக்கொள்ளவில்லை.

போன மாதம் ஒரு போன்

கள்ளக்குறிச்சியை விட்டு நாங்கள் மாற்றலாகி வந்து வருஷங்கள் ஆகின்றன. போன மாதம் சிஸ்டர் போன் செய்தார். கண்ணில் புரை எடுத்திருக்கிறார்களாம். "இப்ப எல்லாம் பளிச்சுன்னு தெரியுது ஐயரம்மா. எழுத்துங்கள்ளாம் எறும்பு மாரி தனித்தனியா ஓடுது."

"என்ன படிக்கிறீங்க சிஸ்டர்?"

குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அந்தப் புது வேதத்த வாங்கினேன். பெரிய எழுத்து. தப்பு எங்க இருக்குதுன்னு தெரியாம திட்றது நியாயமில்ல இல்ல? அதான், ஆரம்பத்துலருந்து படிச்சிக்கினு வரேன்."

"தப்பு கிடைச்சுதா?"

"கெடச்சுது. நெறய கெடச்சுது." அதற்குள் அவர் குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. "எல்லாத்தையும் பறிகொடுத்துட்டு, ஒடம்பெல்லாம் புண்ணோட சாம்பல்ல உக்காந்துகினு இருந்தாரே வேதத்துல ஒரு மனுஷன். இத்தினி வருஷமா அவரு கதய படிக்கிறேன். அவரு பொறுமையா, மரியாதையா பேசிக்கினு இருந்தாருன்னே நெனச்சிக்கினு இருந்தேன். இதுல படிச்சா, அந்த ஆளு எவ்ளோ கோவத்துல பேசியிருக்காரு தெரியுமா? தேவன்கிட்டயே சண்ட போடறாரு ஐயரம்மா. நான் வார்டுல பாத்தவங்க பேசின மாரியே பேசறாரு. நேத்து அத படிச்சிட்டு அழுதுட்டேன்."

"சார்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அவருக்குத் தல கால் புரியாது."

"நான் இதை எழுதலாமா சிஸ்டர்?"

மறுமுனையில் ஸ்கூட்டர்கள் போகிற சத்தம் கேட்டது. யோசித்துவிட்டுச் சொன்னார்.

"எழுதுறதுன்னா எழுதிக்கோங்க. உங்க தொடர அவரு வாராவாரம் விடாம படிக்கிறாரு. படிச்சித் தெரிஞ்சிக்கட்டும். என் வாயால நான் சொல்ல மாட்டேன்."